திரும்பி வந்தவர்களுக்குப் பட்டியல் இல்லை

அமெரிக்காவில் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1890-இல் தொடங்கியது. 1775-க்கும் 1783-க்கும் நடுவில் நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த ஒருவரின் நேரடி வாரிசு என்று காகிதத்தில் நிரூபிக்கும் பெண்கள் மட்டும்தான் அதில் சேர முடியும். தலைமுறைக்குத் தலைமுறை கண்ணி அறாமல் சான்று வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கப் பெண்மணி அதில் உறுப்பினர். மீட்டிங் தொடங்க இன்னும் ஆட்கள் வராத ஐந்து நிமிடத்தில் தன் எட்டாவது தலைமுறைத் தாத்தா எந்தப் படையில், யார் தலைமையில், எத்தனை மாதம் இருந்தார் என்று சொல்லி முடித்துவிட்டார். “உங்க பக்கம் எப்படி?” என்று கேட்டார்.

எங்கள் பக்கம் என்றால் பெரம்பலூர். அம்மா வழி அரியலூர். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அதற்கு மேல் குலதெய்வம்தான்.

எட்டுத் தலைமுறையை அவர்களால் எப்படி வைத்திருக்க முடிகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். வீரத்தைப் போற்றும் பண்பாடு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வேலையைச் செய்தது பென்ஷன். 1818-லும் 1832-லும் அமெரிக்க நாடாளுமன்றம் பழைய போர்வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் போட்டது. பணம் வேண்டுமென்றால் கிழவர் கோர்ட்டுக்கு வந்து, எந்த ஊரில் பிறந்தேன், யார் கீழே இருந்தேன், எந்தச் சண்டையில் நின்றேன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பெரும்பாலானோரிடம் வேறு ஆதாரம் கிடையாது. நினைவுதான் ஆதாரம். அப்படிச் சேர்ந்த கோப்புகள் சுமார் 80 ஆயிரம் அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைய பேத்திகளின் பெருமை பாதிக்கு மேல் இந்தக் கோப்புகளின் மேல்தான் நிற்கிறது.

ஒருத்தருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தால் அவர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். இந்த எளிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

*

முதலில் அதே ஆண்டுகள். அமெரிக்கப் போருக்கும் நமக்கும் தொடர்பு இல்லை என்றுதான் தோன்றும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு பாடம். ஆனால் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததும் அந்தச் சண்டை சோழமண்டலக் கரைக்கும் வந்துவிட்டது. 1780-இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் அயர் கூட்டின் கம்பெனிப் படை ஹைதரை எதிர்கொண்டது. 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டார்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஜனவரியிலேயே முதற்கட்ட சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. கப்பலில் அந்தச் செய்தி வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. அதனால் அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டை கடலூரில் நடந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடக்கூடிய தூரம். யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான் ஐந்து வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, பிறகு திப்புவோடு சண்டை போட்டார்.

பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் கம்பெனிக்காகச் சண்டையிட்டவர்களில் பெரும்பகுதி சிப்பாய்கள், நம் ஊர் ஆட்கள். நூல்களில் அவர்கள் பட்டாலியன் எண்ணாக வருகிறார்கள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேருக்குக் காயம் என்று தொகையாக வருகிறார்கள். பெயரோடு வருபவர்கள் அதிகாரிகள்.

இதற்கு முப்பது வருடம் முந்தைய காட்சி ஒன்று எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கம். பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது, ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் மறுபக்கமுமாக நின்றது இதன் அருகே, வாலிகண்டபுரத்தில். ஆங்கிலப் படைக்குக் கேப்டன் ஜிஞ்ஜன்ஸ் தலைமை. இளம் ராபர்ட் கிளைவும் படையோடு வந்திருந்தார். ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இந்த ஊர் ‘வால்கொண்டா’ என்று இருக்கிறது. கோல்கொண்டாவின் தம்பி மாதிரி. சண்டை தொடங்கியதும் ஐரோப்பியப் படையினர் கலைந்து ஓடினார்கள். கம்பெனிப் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்கள் நின்றார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். நவாபின் தம்பி அப்துல் வகாப் குதிரையில் வந்து, இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலேயர்களைத் திட்டியதாக ஓர்ம் எழுதுகிறார்.

ஓடிய படையின் கேப்டன் பெயர் தெரிகிறது. திட்டியவர் பெயர் தெரிகிறது. நின்ற ஆப்பிரிக்கர்களை இன்று வசைச்சொல்லாகிவிட்ட ஒரு பொதுப்பெயரால் மட்டும் ஓர்ம் குறிக்கிறார். எங்கிருந்து எப்படி வாலிகண்டபுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், அவர்களுக்கு இந்தப் பக்கம் பிள்ளை குட்டி உண்டா என்று கேட்டுக்கொண்டு யாராவது கிளம்பினால், முதல் அடியிலேயே சுவர்.

1806 ஜூலை 10 வேலூர்க் கிளர்ச்சியில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கிளர்ந்த சிப்பாய்களில் சண்டையில் செத்தவர்கள் அங்கேயும் தொகைதான். ஆனால் விசாரணைக்குப் பிறகு தண்டிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கணக்கில் வருகிறார்கள். 6 பேர் பீரங்கி வாயில், 5 பேர் துப்பாக்கியில், 8 பேர் தூக்கில். கோர்ட் மார்ஷல் நடத்த ஆள் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா.

ஆக, ஒரு சாதாரண வீரனின் பெயர் பட்டியலில் ஏற மூன்று வழிகள் தெரிகின்றன. சம்பளம், தண்டனை, சாவு. வீரம் இந்த மூன்றில் இல்லை.

*

வெள்ளைக்காரன் நம்மை மதிக்கவில்லை, அதனால் பெயர் எழுதவில்லை என்று இதை முடித்துவிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நம் அரசர்கள் எப்படி எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஆடித் திருவாதிரைக்கு அங்கே போனால், ராஜேந்திரனோடு கங்கைக்கும் கடாரத்துக்கும் போன படையில் தங்கள் முப்பாட்டன் இருந்தான் என்று சொல்லும் பேனர்களைப் பார்க்கலாம். வாட்ஸப்பில் இன்னும் அதிகம். ஒரே படையை நான்கைந்து சாதிகள் தங்களுடையது என்கின்றன.

ராஜேந்திரனின் அப்பா கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைகள் வருகின்றன. வேளைக்காரர், தெரிந்த கைக்கோளர் என்று வரிசையாக. அத்தனையும் பிரிவின் பெயர். தனித்தனியாக வாள் பிடித்தவன் பெயர் அரிது. அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் தனித்தனியாகப் பெயரோடு இருக்கிறார்கள். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை. ஏன்? ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல், கோயில் கொடுக்க வேண்டும். கணக்குப்பிள்ளைக்குப் பெயர் தேவைப்பட்டது.

தனி வீரன் பெயரோடு நிற்கும் இடம் நடுகல். செங்கம் பக்கத்து நடுகற்களில் இன்னார், இன்னாருடைய ஆள், இன்ன சண்டையில் பட்டான் என்று இருக்கும். பட்டான் என்றால் செத்தான். நடுகல்லும் செத்தவனுக்குத்தான்.

தெரிந்த கைக்கோளர் படையில் சண்டைபோட்டு, கை கால் நல்லபடியாக ஊர் திரும்பி, மாடு வாங்கி உழுதவன் எங்கேயும் இல்லை. ‘ஆண்ட பரம்பரை’ பேனர்கள் தேடும் முப்பாட்டன் அநேகமாக இவன்தான்.

*

எங்கள் வீட்டில் ஒரு பதக்கம் உண்டு. அப்பாயி அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. விபூதி படிந்து எழுத்தே தெரியாது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆண், காலடியில் மண்டை ஓடு. அப்பாயிக்கு அது அய்யனார்.

“எங்க மாமனார் பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தப்ப குடுத்தது. பம்பாயில கப்பல் ஏறி பஸ்ராவுக்குப் போனாராம். அங்க பேரீச்ச மரம் நம்ம பனை மாதிரியே நிக்குமாம். ஆனா எவனும் கள்ளு எறக்க மாட்டானாம்.” அப்பாயி சொன்ன மொத்த ராணுவ வரலாறு இவ்வளவுதான். இன்னொரு தகவலும் சொல்லும். ஒரு பஞ்சத்தில் இதை விற்கக் கொண்டுபோனபோது பத்தர் உரசிப் பார்த்துவிட்டு, “இது வெள்ளி இல்லம்மா, வெங்கலம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

பத்தர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருந்தது.

முதல் உலகப்போருக்காக பிரிட்டன் கொடுத்த ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ அது. குதிரைமேல் இருப்பவர் செயின்ட் ஜார்ஜ். பதக்கம் 60 லட்சத்துக்கும் மேல் வெள்ளியில் அடிக்கப்பட்டது. சுமார் 1,10,000 மட்டும் வெண்கலத்தில். சண்டைபோடும் சிப்பாய்க்கு வெள்ளி. சீனா, மால்டா, இந்தியாவிலிருந்து போன லேபர் கோர் ஆட்களுக்கு வெண்கலம். பதக்கத்தின் விளிம்பில் பெறுபவரின் எண், பதவி, பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். புளி போட்டுத் தேய்த்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தா பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியாக நசுங்கி இருந்தது. பெயருக்கு முன்னால் பதவி: கூலி.

கூலி நம் சொல். ஆங்கிலத்துக்கு அது தமிழிலிருந்து போனது என்று சொல்கிறவர்கள் உண்டு, குஜராத்தியிலிருந்து என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, எங்கள் வீட்டுச் சொல் ஒன்று ராஜா தலை போட்ட பதக்கத்தில் ஏறி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது.

அன்றைய ராணுவத்தில் இவர்களுக்கு ‘ஃபாலோயர்’ என்று பெயர். இன்று அந்த வார்த்தைக்கு வேறு மதிப்பு. அன்று துப்பாக்கி இல்லாத ஆள் என்று பொருள். மூட்டை தூக்குகிறவர், ரோடு போடுகிறவர், ரயில் பாதை இடுகிறவர், காயம்பட்டவரைச் சுமக்கிறவர், சமைப்பவர், கக்கூஸ் கழுவுகிறவர். ராதிகா சிங்கா ‘தி கூலீஸ் கிரேட் வார்’ என்ற நூலில் (2020) இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் போருக்கு இந்தியாவில் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இப்படிப்பட்டவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து எடுக்கப்பட்ட 90 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த வகைதான்.

அது தற்செயல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்கு அடித்தளமாக இருந்தது சென்னைப் படை. 1881 முதல் 1885 வரை அதன் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டு ஆட்கள் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவோடு போனார். பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைமையேற்றார். ‘போர் இனங்கள்’ கொள்கை வலுத்தது. பஞ்சாபி, பட்டாணி, கூர்க்கா உள்ளே. தமிழன் மெல்ல வெளியே. பல தலைமுறையாகப் படையில் இருந்த குடும்பங்களுக்கு, குறிப்பாக அதன் மூலம் கொஞ்சம் தலைநிமிர்ந்த பறையர் குடும்பங்களுக்கு, கதவு சாத்தப்பட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற சில பிரிவுகள் மிஞ்சின. யார் வீரப் பரம்பரை என்பதை லண்டனும் சிம்லாவும் முடிவுசெய்த காலம் அது. இன்று நாம் பேனரில் போடும் ‘வீரப் பரம்பரை’ அந்த அகராதியிலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கியது.

*

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. வெங்காய லாரிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு. திருச்சினாப்பள்ளியிலிருந்து 302 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது கல். கழித்துப் பாருங்கள். 261 பேர் திரும்பினார்கள்.

அந்த 41 பேரைத் தேட இன்று வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளத்தில் இறந்த வீரர்களின் பதிவுகள் இருக்கின்றன. பல இந்தியப் பதிவுகளில் அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரை இருக்கும். அன்று எங்கள் பகுதி பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்கள், திருச்சினாப்பள்ளி ஜில்லா. ஊர்ப்பெயர் எழுத்து ஒவ்வொரு குமாஸ்தா காதுக்கும் ஒரு மாதிரி. அதற்காக நான் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே ஊரை எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியும் என்று அது எழுதிப் பார்த்துத் தேடும். எங்கள் வேலையில் இது சாதாரணம். முகம் தெரியாத ஒருவருடைய அப்பா பெயரும் நாம் பஸ்ஸில் கடக்கும் ஊரும் ஒரே வரியில் வரும்போது மட்டும் சாதாரணமாக இருக்காது.

செத்தவர்களுக்குள்ளும் வரிசை இருந்தது. மெசபடோமியாவில் கல்லறை தெரியாமல் இறந்த 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கை. தஞ்சைக் கல்வெட்டில் பிரிவின் பெயராவது ஒரு பெருமையாக நின்றது. இங்கே பக்கத்துச் சுவரிலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் இருக்கிறது. 2021-இல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்களும். வாலிகண்டபுரம் ஞாபகம் வந்தது.

கொள்ளுத்தாத்தா எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அவர் சாகவில்லை, அவ்வளவுதான். தேடியதில் கிடைத்தது 1921-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்று, பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில். மானாவாரிப் புஞ்சை, 1 ஏக்கர் 40 சென்ட். பத்திரத் தாளிலும் அதே ஜார்ஜ் மன்னர் தலை. வாங்கியவர் ‘இன்னார் மகன் இன்னார், விவசாயம்’. பஸ்ரா இல்லை, பட்டாளம் இல்லை. 1918-இல் மழை பொய்த்து, தானிய விலை ஏறி, சென்னை மாகாணத்தில் பல இடங்களில் கடைச் சூறையே நடந்தது. அந்தக் காலத்தில் நிலமில்லாத ஒருவர் கடல் தாண்டி மூட்டை தூக்கிவிட்டு வந்து, மூன்று வருடத்தில் நிலம் வாங்கியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எல்லாமே அந்த 1 ஏக்கர் 40 சென்டிலிருந்து தொடங்கியதுதான். என் இன்ஜினியரிங் ஃபீஸ் உட்பட.

*

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பரம்பரைக் கல்வெட்டு வைக்கலாம் என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். பெரியப்பா தயாரித்த வாசகத்தில் கொள்ளுத்தாத்தா ‘முதல் உலகப்போர் மாவீரர்’. பதக்க விளிம்பை போனில் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அதுக்காக கல்லுல கூலின்னு போடணுமா தம்பி? நாலு பேரு படிக்கிற எடம்டா.”

எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. கூலி என்ற சொல்லால் அவர் பட்டதை நான் பட்டதில்லை. ஆனால் மாவீரர் என்று போட்டால், மூட்டை தூக்கிய மனிதர் காணாமல் போய்விடுவார். அமெரிக்க அமைப்பின் கதையை அவரிடம் சொன்னேன். வம்சப் பெருமையில் தொடங்கிய அந்த அமைப்பு 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற மகத்தான கறுப்பினப் பாடகியைத் தன் வாஷிங்டன் அரங்கில் பாட விடவில்லை. அதே விடுதலைப் போரில் ஆயிரக்கணக்கான கறுப்பர்களும் சண்டை போட்டிருந்தார்கள். கறுப்பினப் பெண் ஒருவர் அதில் வெளிப்படையாக உறுப்பினராக 1977 வரை ஆனது. தாத்தாவை உயரத்தில் ஏற்றிவைத்தால், அடுத்து யாரையாவது கீழே இறக்கவும் வேண்டியிருக்கிறது.

பெரியப்பா இதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. “அமெரிக்காக்காரன் கத நமக்கெதுக்கு” என்றார். கடைசியில் கல்லில் ஏறியது அவர் சொன்ன வாசகம்தான், நான் சொன்னது இல்லை: ‘1914–18 போருக்கு பஸ்ரா சென்று திரும்பியவர்.’ ‘திரும்பியவர்’ என்ற வார்த்தையை அவரே சேர்த்தார். “போனவன் நெறைய பேரு. வந்ததாலதானே நாம இருக்கோம்.”

சம்பளப் பட்டியலும் தண்டனைப் பட்டியலும் சாவுப் பட்டியலும் ராஜாங்கம் தன் தேவைக்கு எழுதியவை. அவற்றில் இருப்பவரைத்தான் முன்னோர் என்று கொண்டாடுவோம் என்றால், அந்த ராஜாங்கத்தின் கணக்குப்பிள்ளைதான் நமக்கு முன்னோரைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார். திரும்பி வந்தவர்களைப் பற்றி எழுத வீட்டில்தான் ஆள் இருக்கிறது. பரணில் ஏதாவது ஒரு வெண்கல வட்டு கிடந்தால் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் அப்பாயியிடமோ அம்மாச்சியிடமோ எந்தக் கப்பல், எந்த ஊர், என்ன மரம் என்று கேட்டு எழுதிவையுங்கள். பதக்கம் இன்னும் நூறு வருடம் கிடக்கும்.